ஜூலை மாதத்து முதுகு

ரூத் அக்காவின் வேலை முகங்களை எடுப்பது. செங்கல்பட்டில் எங்கள் இ-சேவை மையத்தில் ஆதார் படம் எடுக்கும் கவுண்டர் அவருடையது. பெயர்த் திருத்தம், முகவரி மாற்றம் பார்க்கும் கவுண்டர் என்னுடையது. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து நாள் முழுக்க அவர் குரல் வந்துகொண்டிருக்கும். நேராப் பாருங்க. தாடைய எறக்குங்க. சிரிக்காதீங்க. பெரியவர்களிடமும் கைக்குழந்தைகளிடமும் ஒரே குரலில்தான் சொல்வார். குழந்தைகள் மட்டும் பேச்சைக் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் முகங்களை எடுப்பதில்லை.

காலை ஆராதனை முடிந்ததும் கேமராவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறிவிடுவார். அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் கடற்கரைச் சாலையோரமாக எந்த ஊர் தோன்றுகிறதோ அங்கே இறங்குவார். கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டபோது கைமாறிய பழைய கேமரா அது. சிற்பங்களையும் சூரிய உதயத்தையும் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. எடுப்பதெல்லாம் முதுகு. வலை பிரிக்கிறவர்களின் முதுகு, சுண்டல் கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கடலைப் பார்க்கிற அம்மாவின் முதுகு, காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த இரண்டு பேரின் நடுவில் இருக்கிற இடைவெளி. ஆளுக்குப் படத்தில் கால்வாசி இடம்தான். மிச்சம் முக்கால்வாசியும் மணலோ தண்ணீரோ வெறும் வெளிச்சமோ.

"மொகம் கேட்டா எது வேணா காட்டும் தம்பி. முதுகுக்கு நடிக்கத் தெரியாது" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

படாளத்தில் அவர் அப்பா அடுத்தவர் வயலில் கரும்பு வெட்டியவர். அந்த வயதில் பார்த்ததெல்லாம் குனிந்த முதுகுகள்தான், அதனால்தானோ என்னவோ என்று அவரே சிரிப்பார். கணவர் ஜோஷ்வா ஒரு கல்லூரியில் எலக்ட்ரீஷியன். மனைவியை நண்பர்களுக்கு அறிமுகப்படுத்தும்போது, "எங்க வூட்ல இவங்க முதுகு டிபார்ட்மெண்ட்டு" என்பார். கேலிதான். ஆனால் கேமராவுக்கு அந்தத் துணிப்பையைத் தைத்துக் கொடுத்ததும் அவர்தான்.

ஒரு படத்துக்காக ரூத் அக்கா வெகுநேரம் காத்திருப்பார். வெயில் சாயவேண்டும், காற்று சட்டையைத் தூக்கவேண்டும், ஆள் தன்னை மறக்கவேண்டும். ஆள் திரும்பிவிட்டால் படம் போயிற்று. அங்கேயே அழித்துவிடுவார். கேமராவைப் பார்த்துவிட்ட முகம் ஆதார் முகம் என்பது அவர் கணக்கு.

போன வருடம் செப்டம்பரில் ஒரு ஞாயிறு மாலை திருவிடந்தையில் எடுத்த படம், எங்கள் பக்கத்துப் புகைப்படக் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பழைய ஃபைபர் படகின் மேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வெளிர்நீலச் சட்டை. தோள்கள் இறங்கி, கழுத்து தளர்ந்து, இரண்டு கைகளும் பக்கத்தில் கிடக்கின்றன. பக்கத்திலே மணலில் செருப்பு ஜோடியாக, வாசலில் விட்டதுபோல. எதிரே கடல், அலையே இல்லாததுபோல் வெளுத்து. ரூத் அக்கா அதற்கு 'நிம்மதி' என்று பெயர் வைத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் ஆமாம் என்றார்கள். நானும் சொன்னேன்.

ஒரு மளிகைக் கடைக்காரர் குழுவின் படங்களை வைத்து மாதக் காலண்டர் போட்டார். ஊர் முழுக்க வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தார். 'நிம்மதி' ஜூலை மாதத்துக்கு. அதனால் அந்த மனிதர் ஆறு மாதம் மற்ற தாள்களுக்கு அடியில் இருந்தார். ஜூலை பிறந்து வீடுகளிலும் கடைகளிலும் ஜூன் தாளைத் திருப்பியபோது ஒரே நாளில் எல்லாச் சுவர்களுக்கும் வந்து உட்கார்ந்தார்.

அந்த வாரமே சிநேகா என்றொரு பெண் மையத்துக்கு வந்தார். டோக்கன் எடுத்து வரிசையில் நின்று, முறை வந்ததும் ரூத் அக்காவின் எதிரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தலையில் பூ. அக்கா பழக்கத்தில் நேராப் பாருங்க என்றார். அவர் பையிலிருந்து சுருட்டிய ஒரு தாளை எடுத்து விரித்தார்.

"இது நீங்க எடுத்ததா?"

கீழே சின்ன எழுத்தில் பெயர் இருந்தது; காலண்டர் போட்ட மளிகைக் கடையில் விசாரித்து வந்திருக்கிறார். ஆமாம், பிடித்திருக்கிறதா என்று ரூத் அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து இறங்க நேரமாயிற்று. ஏனென்றால் அடுத்துச் சொன்னது உடனே புரிகிற மாதிரி இல்லை.

"இவரு எங்க வூட்டுக்காரு."

பெயர் கேசவன். சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் வீடு, ஒரு குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பியவர் வரவில்லை. சண்டை இல்லை. கடன் இல்லை. போன் மேஜைமேலேயே இருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள், முகத்தைப் போட்டுக் காணவில்லை நோட்டீஸ் அடித்து பஸ் நிலையங்களில் ஒட்டினார்கள். ஒருவரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. பத்து மாதம் கழித்து சிநேகா மருந்துக்கடையில் மாத்திரைக்கு நின்றபோது, அவர் காலண்டரில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இடது தோளில் சட்டை கிழிந்ததை சிநேகா வேறு நீலத்தில் தைத்திருந்தார். அந்தத் தையல் படத்தில் தெரிந்தது.

எந்த நாளில் எடுத்தது என்பதுதான் சிநேகா முதலில் கேட்டது. அக்கா தேதியைப் பார்த்துச் சொல்லி, ஞாயிறு என்றதும் அவர் கண்கள் மாறின. சனிக்கிழமை போனவர் மறுநாள் மாலை உயிரோடு இருந்திருக்கிறார். அவ்வளவாவது தெரிந்தது.

ஆனால் வீட்டில் படத்தை வேறுமாதிரிப் பார்த்தார்கள். கேசவனின் அம்மா எல்லம்மாளும் அண்ணன் திருநாவுக்கரசும் ஜோடியாக விட்டிருந்த செருப்பைப் பார்த்தார்கள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்க்கிறவன் எங்கே போயிருப்பான். ஆடி அமாவாசை வருகிறது. மாமல்லபுரம் கடற்கரையில் காரியத்தை முடித்து, திதி கொடுத்துவிடலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதைச் செய்தால் சிநேகா பூவை எடுக்கவேண்டும், பொட்டை எடுக்கவேண்டும்.

"அவரு எங்க ஒக்காந்தாலும் செருப்பக் கழட்டிட்டுதான்க்கா ஒக்காருவாரு. பஸ்லகூட. அத சொன்னா யாரும் கேக்க மாட்றாங்க. படத்துலதான் கீதேன்றாங்க." பிறகு தாளை அக்காவின் பக்கம் திருப்பி வைத்தார். "நீங்க பாத்தீங்க இல்ல? மொகம் எப்டி இருந்துச்சி?"

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். ரூத் அக்கா தாளைச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் மற்ற படங்கள் இருக்கும், பார்த்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டார்.

அந்த மாலை எடுத்த படங்களை அவர் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்தார். மறுநாள் பென்டிரைவில் போட்டுக் கொண்டுவந்து எனக்கும் காட்டினார். அதே படகு, அதே முதுகு. காற்றில் சட்டை உப்பியது, அடங்கியது. ஒன்றில் வலது கை படகின் விளிம்பைப் பிடித்திருந்தது, விரல் எலும்புகள் வெளுக்கும் அளவுக்கு. அதை அவர் ஒதுக்கியிருந்தார், கை உறுத்துகிறது என்று. 'நிம்மதி'யில் தளர்ந்து கிடந்த தோள்களை மறுபடி பார்த்தோம். அவை முன்பு இருந்த மாதிரியே இருந்தன. ஆனால் இப்போது நிம்மதி அங்கே இல்லை. வேறு ஏதாவது இருந்தது என்றும் சொல்ல முடியவில்லை.

பிறகு நாய், சவுக்குத் தோப்பு, பஸ் ஜன்னல். படங்களின் எண் வரிசையில் ஓரிடத்தில் ஓர் எண் இல்லை. முதுகுக்கும் நாய்க்கும் நடுவில்.

"திரும்புனாரு" என்றார் ரூத் அக்கா.

எனக்குப் புரிய சற்று நேரமானது. கடைசிப் படத்துக்கு விரலை அழுத்துகிற நேரத்தில் அவர் திரும்பிவிட்டார். படம் கெட்டதே என்று அக்கா குனிந்து, அங்கேயே அழித்துவிட்டு, தோப்புப் பக்கம் நடந்துவிட்டார். கேமராத் திரைக்குள் வந்த அந்த முகத்தை அவர் அழிப்பதற்காகத்தான் பார்த்தார். நிமிர்ந்து ஆளைப் பார்க்கவில்லை. அந்த முகம் எப்படி இருந்தது, பேச வாயெடுத்தாரா, காற்றில் ஏதாவது கேட்டதா, ஒன்றும் நினைவில் இல்லை.

அதற்குப் பிறகு அவர் நடந்துகொண்ட விதத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நீலச் சட்டை போட்டு யாராவது உட்கார்ந்திருந்தால், சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வருவார். ஆண்கள் சங்கடப்பட்டார்கள். ஒருவர் இன்னா மேடம் என்று கேட்டே விட்டார். டிபன் கடையில் காலண்டருக்கு முதுகு காட்டி உட்கார்வார். மின்விசிறிக் காற்றில் ஜூலைத் தாள் தூக்கித் தூக்கி விழும் சத்தத்துக்கு எழுந்து போய்விடுவார். வீட்டில் ஆகஸ்டை முன்னதாகவே திருப்பிவிட்டார். "திருப்பி இன்னா பண்றது, ஊரெல்லாம் அவருதான் கீறாரு" என்று ஜோஷ்வா என்னிடம் சொன்னார். அப்போது அவர் கேலி செய்யவில்லை.

அந்த மாலைப் படங்கள் பதிவான மெமரி கார்டு செப்டம்பருக்குப் பிறகு சில வாரங்களிலேயே மக்கர் பண்ணியதால் அக்கா அதை மாற்றிவிட்டு ஒரு டப்பாவில் போட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் எதிரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் ஹேமந்திடம் போனோம். அழித்த படம் உடனே அழிவதில்லை, மேலே வேறு படம் ஏறும்வரைக்கும் அடியில் கிடக்கும் என்று ஹேமந்த் சொன்னார். அக்கா அவரை ஏறிட்டுப் பார்த்தார். அந்த வார்த்தைகளில் ஹேமந்துக்குத் தெரியாத ஏதோ அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு நாளில் படம் வந்தது. பாதி. மேலே வானம், அடியில் கடல், அதற்கு முன்னால் கலைந்த தலைமுடி, நெற்றி, புருவம், இரண்டு கண்கள், மூக்கின் பாதி. அதோடு படம் நின்றுவிட்டது. மூக்குக்குக் கீழே சாம்பல் நிறக் கட்டம், தேய்த்துப் பூசிய சிமெண்டுபோல். அந்த இடத்தில் நாயோ தோப்போ ஏறியிருக்கும் என்றார் ஹேமந்த். பிறகு, இதெல்லாம் இப்போது ஒரு விஷயமே இல்லை, ஏஐயில் போட்டால் கீழே இருப்பதை அதுவே வரைந்துவிடும் என்றார். செத்தவர்களைப் பேச வைத்தே இரண்டு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறாராம். அக்கா வேண்டாம் என்றார்.

கண்கள் நேராக நம்மைப் பார்த்தன. ஆதார் படம் மாதிரி நேராக. ஓரங்கள் சுருங்கியிருந்தன. சிரித்தாலும் சுருங்கும், அழுதாலும் சுருங்கும், வெயில் பட்டாலும் சுருங்கும். நான் வெகுநேரம் பார்த்தும் எனக்கு எதுவும் பிடிபடவில்லை.

அமாவாசைக்கு முந்தின வாரம் சிநேகா, எல்லம்மாள், திருநாவுக்கரசு மூன்று பேரும் ஹேமந்த் கடைக்கு வந்தார்கள். கடை சின்னது. எல்லம்மாளுக்கு மட்டும் ஸ்டூல் கிடைத்தது. திருநாவுக்கரசு வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பெரிய உடம்பு, வெள்ளைச் சட்டை. இத்தனை மாதமாகத் தம்பிக்காக அலைந்தவர் அவர்தான் என்பது பேச்சில் தெரிந்தது. கெட்டவர் இல்லை, களைத்தவர்.

ஹேமந்த் திரையைத் திருப்பினார். வெளியே ஒரு பஸ் மதுராந்தகம், படாளம் என்று கூவிக்கொண்டு போயிற்று.

"என் புள்ள அழுவுறான்" என்றார் எல்லம்மாள்.

சிநேகா அதை மறுத்தார். அழுதால் அவருக்குக் கண் சிவக்காது, முதலில் மூக்கு சிவக்கும், இது எதிர்வெயிலுக்குக் கூசுகிற கண் என்றார். எதிர்வெயில் எங்கிருந்து வந்தது, மாலையில் வெயில் மேற்கே இருக்கும், அவன் கிழக்கே பார்த்து உட்கார்ந்திருந்தான் என்றார் திருநாவுக்கரசு. திரும்பினால் மேற்குதானே என்றார் சிநேகா. ஒரு கணம் மூன்று பேரும் திசைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

எல்லம்மாள் ரூத் அக்காவின் கையைப் பிடித்தார். தன் மகன் கனவில் வருகிறான் என்று சொல்ல ஆரம்பித்தார். வந்து அடுப்பங்கரையில் நிற்கிறான், பசி என்று சொல்வதில்லை, பாத்திரத்தைப் பார்க்கிறான். செத்தவனுக்குச் சோறு வைக்காமல் எத்தனை நாள் விடுவது. உயிரோடு இருக்கிறவனுக்கு அப்படி வைக்கவும் கூடாது. மருமகளின் பூவைப் பறிக்க அவருக்கு ஆசையா. "எனக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும் பொண்ணே. நீ ஒருத்திதான் கடசியா பாத்தவ."

"ஆமாங்க்கா" என்றார் சிநேகாவும். "வாயி எப்டி இருந்துச்சி? சிரிச்சாரா?"

ஒரு வார்த்தை போதும். சிரித்தார் என்று சொன்னால் சிநேகா பூவோடு வீடு திரும்புவார். இல்லை என்றால் எல்லம்மாள் மகனுக்குச் சோறு வைப்பார். இரண்டில் எதைச் சொன்னாலும் நம்புவதற்கு ஆள் இருந்தது. எது சொன்னாலும் பொய் என்று தெரிந்தது அவருக்கும் எனக்கும்தான். நான் அக்காவைப் பார்க்கவில்லை. மேஜைமேல் கழற்றிப் போட்டிருந்த யாருடைய போனையோ பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் பாக்கலம்மா" என்றார் ரூத் அக்கா. "அவரு திரும்புனாரு. படம் கெட்டுப்போச்சேன்னு குனிஞ்சி அழிச்சிட்டேன். நிமிர்ந்து அவரப் பாக்கவே இல்ல. பாத்திருக்கணும்."

திருநாவுக்கரசு ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல வந்து விழுங்கினார். சிநேகா சுவரில் சாய்ந்துகொண்டார். எல்லம்மாள் மட்டும் அக்காவின் கையை விடவில்லை. மறுபடி திரைப்பக்கம் திரும்பி, அந்தச் சாம்பல் நிறத்தை வெகுநேரம் பார்த்தார். எழுந்து, கிட்டே போய், கண்ணாடியில் அந்த இடத்தை விரலால் துடைத்தும் பார்த்தார்.

"வாயே இல்லாம கீறான்" என்றார். "சோறு வெச்சா எங்கருந்து சாப்புடுவான்?"

இந்த அமாவாசைக்கு வேண்டாம் என்றார் எல்லம்மாள். அடுத்த அமாவாசைக்கா என்று அண்ணன் கேட்டதற்குக் காதில் வாங்கவில்லை. சிநேகாவைக் கூட்டிக்கொண்டு படியிறங்கினார். சிநேகாவின் முகத்தில் ஜெயித்ததுபோல் எதுவும் இல்லை. காத்திருப்பதற்கு இன்னும் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான் அப்போது பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ரூத் அக்கா அடுத்த ஞாயிறும் கடற்கரைக்குப் போனார். கேமராவை எடுத்துக்கொண்டுதான் போனார். அதை ஏன் சொல்கிறேன் என்றால், இனி படமே எடுக்கமாட்டார் என்று ஜோஷ்வாவும் நானும் நினைத்திருந்தோம். என்ன எடுத்தார் என்று காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

அமாவாசைக்கு முதல் நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், திருநாவுக்கரசு அக்காவுக்குப் போன் செய்தார். ஹேமந்த் கடையிலிருந்து பேசினார். அம்மா இரவெல்லாம் தூங்குவதில்லை, அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருக்கிறாள், இதற்கொரு முடிவு கட்டவேண்டும் என்று அவரே அந்தப் படத்துக்கு வாய் போடச் சொல்லி வந்திருக்கிறார். ஹேமந்தும் சரியென்று கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டிருக்கிறார்: சிரிக்கிற மாதிரியா, சும்மாவா?

எதைச் சொல்வதென்று தெரியாமல்தான் அண்ணன் அக்காவைக் கூப்பிட்டிருந்தார். போனில் அந்தப் பெரிய மனிதர் மூச்சு வாங்குவது, பக்கத்தில் டப்பாவைத் திறந்துகொண்டிருந்த எனக்கே கேட்டது.

"நீங்களே சொல்லுங்கம்மா. எத போடச் சொல்லட்டும்?"

ரூத் அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்து வெளியே டோக்கன் எண் கூப்பிட ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் ஒருவரும் போனை வைக்கவில்லை.